பூப் பார்க்கப் போனாயா?

"படிக்கப் போனியா, பூப் பாக்கப் போனியா?"

கேட்டவர் பெரியப்பா. கேட்ட இடம் நீலமலையின் தென்மேற்கு மூலையிலே, மேகம் வந்து படுத்துறங்கும் மஞ்சூர். கேட்கப்பட்டவர் நாம். நாம் அப்போது இருந்ததோ இலண்டன் மாநகரில்! ஏப்ரல் திங்களில் ஒரு சனிக்கிழமை. தங்கியிருந்த தெருவின் முனையில் ஒரு செர்ரி மரம். அதற்கு முந்திய வாரம் வரை சுள்ளி விறகுக் கட்டைப்போல் நின்றது. அன்று காலை பார்த்தால் இலை ஒன்றுகூட இல்லை; அடிக்கிளை முதல் உச்சிவரை இளஞ்சிவப்புப் பூ! மரம் என்று சொல்வதைவிட, பூவுக்குத் தண்டு முளைத்திருந்தது என்று சொல்லலாம். அதனடியில் நின்று ஒரு படம் எடுத்தோம். ஊரிலிருந்த தம்பிக்குக் கைப்பேசியில் அனுப்பினோம். படம் அவன் கையில் நிற்கவில்லை. லயத்து வீடுகளின் வாசல்தோறும் சென்றது. ஒரு மணி நேரத்தில் பெரியப்பாவின் கேள்வி கடல் கடந்து வந்து சேர்ந்தது.

கேள்வியில் கோபம் இருந்ததாகச் சொல்ல முடியாது, கேலியும் இல்லை. அச்சம் இருந்தது. அதை அன்று நாம் அறிந்தோமில்லை. சுருக்கென்று தைத்தது, அவ்வளவுதான். பதில் எழுத விரல் எழவில்லை. செர்ரிப் பூ அன்று மாலைவரை நமக்கு அழகாகத் தெரியவுமில்லை.

தோழர்களே! குளிருக்கு நாம் புதியவரல்லர். மஞ்சூரில் பிறந்தவனுக்குக் குளிரைப் பாடம் சொல்ல இலண்டனால் ஆகாது. கெத்தை மலைப்பாதையிலே ஏறிவரும் பேருந்தின் விளக்கு, பத்தடிக்கு முன்னால் வந்த பிறகுதான் மஞ்சள் பொட்டாய்த் தெரியும் ஊர் நம் ஊர். பனியிலே நனைந்த சாக்கை இடுப்பிலே சுற்றிக்கொண்டு விடியலில் தேயிலைக் காட்டுக்கு நடப்பவர்களைப் பார்த்து வளர்ந்தோம். ஆனால் இலண்டன் குளிர்காலத்தின் கொடுமை குளிரிலே இல்லை, இருளிலே இருக்கிறது. டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்குக் கதிரவன் கடையைக் கட்டிவிடுகிறான். காலை எட்டு மணிக்குத்தான் மீண்டும் திறக்கிறான், அதுவும் அரைக்கதவு! வகுப்புக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. நம் ஊரிலோ மார்கழியானாலும் ஆனியானாலும் பகலும் இரவும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. நிலநடுக்கோட்டுக்குப் பதினோரு பாகை வடக்கே இருக்கிறோம் நாம். இலண்டனோ ஐம்பத்தொன்றரைப் பாகை. புவியின் அச்சு இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்திருப்பதன் விளைவு, டிசம்பரில் அங்கே பகல் எட்டு மணி நேரம், ஜூனில் பதினாறரை!

வசந்தம் என்பது இந்தச் சாய்வின் கணக்கு. கரும்பு வில்லேந்திய மன்மதனின் தோழன் வசந்தன் என்று நமக்குக் கதை சொன்னவர்கள், இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று அந்நாட்டார் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிடுகிறார்கள். வில்லியம் வில்லெட் என்ற கட்டடத் தொழில் செய்தவர் 1907-இல் சிறுநூல் எழுதிக் கிளர்ச்சி தொடங்கினார், விடியற்காலை வெளிச்சத்தைத் தூங்கியே வீணாக்குகிறோமே என்று. சிரித்தார்கள். 1915-இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டே, போர்க்காலச் சிக்கனத்தை எண்ணி அது சட்டமாயிற்று. நம்முடன் தங்கியிருந்த தஞ்சைப் பக்கத்து நண்பரொருவர் ஊரிலிருந்து நாட்காட்டி கொண்டுவந்து சுவரில் மாட்டியிருந்தார். அந்த ஞாயிறன்று அவரைக் கேட்டோம்: "ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை இராகு காலம் என்கிறதே உம் நாட்காட்டி. இங்கே அரசாங்கம் கடிகாரத்தை நகர்த்திவிட்டதே, இராகுவும் கூடவே நகர்ந்தாரா?" நண்பர் சிரித்துவிட்டார். நாட்காட்டி மட்டும் ஆண்டு முடியும் வரை சுவரைவிட்டு இறங்கவில்லை.

கடிகாரம் நகர்ந்த பிறகு அந்த ஊரே மாறிவிட்டது. ஆறு திங்களாகக் கழுத்துவரை கம்பளி போர்த்து, தலைகுனிந்து விரைந்து நடந்தவர்கள் புல்வெளியிலே மல்லாந்து படுத்தார்கள். கிழவர்கள் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக் கண்மூடிக் கிடந்தார்கள். யாரும் யாரையும் "வேலை இல்லையா உனக்கு?" என்று கேட்கவில்லை. அந்த ஊரில் அந்தக் கேள்வியை எதிர்பார்த்துக் கொண்டிருந்தவர் நாம் ஒருவரே என்று தோன்றிற்று. பூங்காவின் இருக்கையிலே அமரும்போதெல்லாம் கையிலே ஒரு புத்தகம் பிடித்துக்கொள்வோம். படிக்க அன்று, யாரேனும் கேட்டால் காட்ட!

ஏன் அப்படி? செல்வர் வீட்டுப் பிள்ளை சீமைக்குப் போய்ப் பாரிசையும் ரோமையும் பார்த்துவிட்டு வந்தால், 'உலகானுபவம் பெற்று வந்தார்' என்று வரவேற்பு நடக்கிறது. கொழுந்து பறிப்பவள் மகன், அரசு தந்த உதவித்தொகையிலே படிக்கப் போனவன், ஒரு பூமரத்தடியில் நின்றால் 'ஊர்ப் பணத்தில் உல்லாசம்' என்று பெயராகிறது. அவர் நடந்தால் உலா. நாம் நடந்தால் ஊதாரித்தனம். அறிவுக்கு மட்டும் அவர்கள் தகுதி கேட்பதாக நினைத்திருந்தோம். இல்லை, அகமகிழ்வுக்கும் தகுதிச் சான்று கேட்கிறார்கள்! அதையும் பெரியப்பா கேட்கவில்லை. ஊர் கேட்டுவிடுமே என்று ஊருக்கு முன்னால் அவர் கேட்டுவிட்டார். தேயிலை மூட்டை சுமந்து தோல் தடித்த தோள் அவருடையது. நம் பயணச்சீட்டு வாங்கும்போது, பெரியம்மாவின் கம்மலை அடகு வைத்தவரும் அவரே.

சொல்லித் தப்பிக்க நமக்கு வழி இருந்தது. மாணவர்கள் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரம் வரை வேலை செய்யலாம் என்பது அங்குள்ள விதி. ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் பாத்திரம் கழுவினோம், வெங்காயம் அரிந்தோம். வார இறுதிப் பயணங்களுக்கான காசு அந்த வெங்காயத்திலிருந்து வந்தது. 'எங்கள் கூலியில் போகிறோம், அரசின் காசில் அல்ல' என்று ஒரு வரி எழுதியிருந்தால் பெரியப்பா அமைதியடைந்திருப்பார். எழுத மனம் வரவில்லை. கூலி இல்லாத மாணவன் பூவைப் பார்க்கக் கூடாது என்று அந்த வரியிலே ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா?

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. நாம் பிறந்த மலையே, ஊரார் எல்லாம் உல்லாசத்துக்கு வருகிற மலை! கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலமலை ஏறினார். 1848-இல் உதகையில் தாவரவியல் பூங்கா தொடங்கப்பட்டது. 1896-இல் முதல் மலர்க்காட்சி நடந்தது. சென்னை வெயிலைத் தாங்காத வெள்ளையர் அரசு கோடைதோறும் கோப்புகளோடும் கோட்டுகளோடும் உதகைக்கு ஏறிற்று. 1877-இல் வைசிராய் லிட்டன் வந்தார். உதகையின் மழையிலும் சேற்றிலும் தம் இங்கிலாந்தையே கண்டுவிட்டதாக மனைவிக்கு மகிழ்ந்து எழுதினார். அந்த ஆண்டு எந்த ஆண்டு? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சுடுகாடாக்கிய பெரும் பஞ்சத்தின் நடு ஆண்டு! மலைக்கு மேலே மழையை மெச்சினார் மகாராணியாரின் பேராளர். மலைக்குக் கீழே மழையின்றி மாண்டார்கள் இலட்சக்கணக்கான மக்கள். மாளாதவர்கள் கப்பலேறினார்கள். எங்கள் பாட்டியின் பாட்டி அந்தப் பஞ்சத்தில்தான் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து கண்டிச் சீமைக்குப் போனாளாம். வீட்டில் சொல்லுவார்கள்.

போனவர்கள் திரும்பிய கதை தோழர்கள் அறிந்ததே. 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு ஆட்களைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று 1,50,000 பேர். மாட்டுச் சந்தையிலும் மாட்டின் முகத்தைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள்! ஐந்து வயதுச் சிறுமியாக 'இராமானுஜம்' கப்பலிலே தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு வந்தவர் எம் அன்னை. மண்டபம் முகாம், பிறகு நீலமலை. அங்கே கொழுந்து, இங்கேயும் கொழுந்து. ஊராருக்கு நாங்கள் 'சிலோன்காரர்கள்'.

அந்த அன்னைக்கு வசந்தம் என்றால் என்ன? ஏப்ரலில் கோடை மழை இரண்டு பெய்ததும் தேயிலைச் செடி பொங்கும். உதகைக்குச் சுற்றுலாக் கூட்டம் ஏறும் அதே வாரங்களில் காட்டிலே கொழுந்து ஏறும். கொழுந்து ஏறினால் கூடையின் பாரம் ஏறும். ஞாயிற்றுக்கிழமையும் வேலை நாளாகும். 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்றது. ஆனால் கொழுந்து முற்றிவிடுமே, கூடுதல் கூலி தருகிறோமே என்று கூப்பிட்டால், கடனுள்ளவள் எப்படி மறுப்பாள்? ஆகவே ஊரெல்லாம் ஓய்வெடுக்க வரும் பருவமே எங்கள் வீட்டில் ஓய்வற்ற பருவம். மஞ்சூருக்கும் உதகைக்கும் இடையே முப்பத்து நாலு கிலோமீட்டர். பிறந்த நாடு விட்டு வந்த நாள் முதல், ஐம்பது ஆண்டுகளாக இந்த மலையில் வாழ்ந்த அன்னை, உதகைப் பூங்காவினுள் ஒருமுறையேனும் காலடி வைத்ததில்லை. மருத்துவமனைக்குப் போகும்போது பேருந்துச் சன்னல் வழியே அதன் மதிலைப் பார்த்ததோடு சரி.

இலண்டன் பூங்காவில் புத்தகத்தைப் பிடித்தபடி அமர்ந்திருந்தபோது நமக்கு நினைவு வந்தது அந்த மதில்தான். அன்றே முடிவு செய்தோம்: பார்ப்பதை ஒளித்துப் பார்ப்பதில்லை, பார்த்ததைச் சொல்லாமல் விடுவதுமில்லை.

அடுத்த வாரமே நார்த்தாம்டன் சென்றோம். இலண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம். மாணவருக்கான சலுகை அட்டை கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தது. எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலம் மீதிச் செலவைக் குறைத்தது. இருபுறமும் பசும்புல், ஆட்டுக்குட்டிகள், வேலியெங்கும் வெள்ளைப் பூ. வண்டிச் சன்னலோரம் நமக்கு வாய்த்தது. வாயில் சோற்றுருண்டையை வைத்துக்கொண்டே மெல்ல மறந்து வெளியே பார்த்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

அந்த ஊரில் அபிங்டன் சதுக்கத்தில், வண்டிகள் சுற்றிச் செல்லும் நடுத்திட்டில், கை நீட்டியபடி ஒருவர் நிற்கிறார். சார்லஸ் பிராட்லா! 1880-இல் அவ்வூர் மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். கடவுள் நம்பிக்கையற்றவன் நான். ஆண்டவன் பெயரால் ஆணையிடாமல் உறுதி கூறுகிறேன் என்றார். கூடாது என்றார்கள். சரி, சடங்காக ஆணையே இடுகிறேன் என்றார். நாத்திகன் ஆணைக்கு மதிப்பேது என்று அதையும் மறுத்தார்கள்! அவையின் மணிக்கூண்டிலே அடைத்தும் பார்த்தார்கள். இடம் பறிபோகப் பறிபோக நார்த்தாம்டன் மக்கள், அவர்களில் செருப்புத் தைக்கும் தொழிலாளர் ஏராளம், அவரையே மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். 1886-இல்தான் அமரவிட்டார்கள். 1888-இல் அவர் முயற்சியாலேயே உறுதிமொழிச் சட்டம் வந்தது. பிற்காலத்தில் தமிழகத்தில் 1967-இல் அண்ணாவின் அமைச்சரவை 'உளமார உறுதி' கூறிப் பதவியேற்றதே, அந்த இரண்டு சொற்களுக்குள்ளே எத்தனை பேரின் தொண்டைக் குரல் அடங்கியிருக்கிறது என்று அந்தச் சிலையடியில் நின்று எண்ணினோம்.

பிராட்லா நமக்கு அந்நியரா? 1878 முதல் 1888 வரை சென்னையிலே இலௌகிக சங்கம் என்று ஒன்று நடந்தது. பிராட்லாவின் இயக்கத்தோடு உறவு பூண்டது. 'தத்துவ விவேசினி' என்று தமிழிலேயே ஏடு நடத்தி, சாதியையும் சடங்கையும் சாடியது. பெரியார் அப்போது பிள்ளைப் பருவத்தினர்! 1891-இல் பிராட்லா மறைந்தபோது அவரது இறுதி நிகழ்ச்சிக்கு இலண்டனிலிருந்து வண்டியேறிச் சென்ற இந்திய மாணவர்களில் ஒருவர், பிற்காலத்தில் மகாத்மா எனப்பட்ட காந்தியார். கடல் தாண்டினால் சாதி கெடும் என்று 1888-இல் அவரைத் தள்ளிவைத்தது அவருடைய சாதிக் கூட்டம். தள்ளிவைக்கப்பட்ட மாணவன் சைவ உணவு விடுதி தேடியும் ஊர் சுற்றினான். நாத்திகன் புதைகுழி வரையும் சென்றான். படிப்புக் கெட்டுவிட்டதா?

அதன் பின் லெஸ்டர். நெசவும் காலுறைப் பின்னலும் செய்த தொழிலாளர் நகரம். அங்கே 1881-இல் கட்டிய மதச்சார்பற்றோர் மன்றம் இன்றும் நிற்கிறது. முகப்பிலே ஐந்து தலைகள்: சாக்ரடீசு, இயேசு, வால்டேர், தாமஸ் பெயின், இராபர்ட் ஓவன். நாத்திகர் கட்டிய மன்றத்தில் இயேசுவுக்கு என்ன வேலை? அக்காலத்திலேயே அது சச்சரவாயிற்று. கடவுளாக அன்று, மக்களுக்குப் புத்தி சொன்ன மனிதராக வைத்தோம் என்பது கட்டியவர்களின் கருத்து. நம் இயக்கத்தார் புத்தரைப் பார்த்த பார்வை இதற்கு உறவு. நெடுநேரம் அண்ணாந்து நின்றதில் கழுத்து வலித்தது. நடைபாதையில் போன மூதாட்டி ஒருவர், வழி தவறிவிட்டதா என்று கேட்டார். இல்லையம்மா, சாக்ரடீசைப் பார்க்கிறேன் என்றோம். "இத்தனை ஆண்டு இந்தப் பக்கம் போகிறேன், நான் நிமிர்ந்தே பார்த்ததில்லை" என்று தாமும் நின்று பார்த்துவிட்டுப் போனார். உதகைப் பூங்காவின் மதில் நம் அன்னைக்கு. இந்த முகப்பு அந்த அம்மையாருக்கு!

வெள்ளையர் நாடு சமத்துவ நாடு என்று எழுதுவதாக எண்ணிவிட வேண்டாம். நிறம் பார்த்து முகம் சுளிப்பவர்களை அங்கேயும் கண்டோம். வாடகைக்கு வீடு உண்டா என்று கேட்டு, தொலைபேசியில் 'உண்டு' என்றும் நேரில் 'இல்லை' என்றும் கேட்ட நாளும் உண்டு. நாம் போற்றுவது அந்நாட்டாரின் தோலையன்று. அவர்களில் உழைப்பவர்கள் பிடுங்கிப் பெற்ற நேரத்தை. சனிக்கிழமைப் பிற்பகல் அங்கே தானாக விடியவில்லை. 1850-ஆம் ஆண்டுச் சட்டம்தான் நெசவாலைகளில் பெண்களும் இளைஞரும் சனியன்று பிற்பகல் இரண்டு மணிக்குமேல் வேலை செய்யலாகாது என்றது. 1871-இல் ஜான் லபக் கொண்டுவந்த சட்டத்தால் வங்கி விடுமுறைகள் வந்தன. மே முதல் திங்கட்கிழமை விடுமுறையோ 1978-இல்தான்! அந்த விடுமுறையில் பூங்காவிலே படுத்திருந்த நாம், அதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் முன்பே, 1923-இல், சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொடியேற்றியதை எண்ணி, கொஞ்சம் செருக்கோடுதான் புரண்டு படுத்தோம். கொடி நம்முடையது முந்திற்று. புல்வெளி அவர்களுடையது முந்திவிட்டது.

பெரியப்பாவிடமிருந்து இரண்டாம் கேள்வி அப்போது வந்தது. இது முதல் கேள்வியைவிடக் கூர்மையானது. "அம்பேத்கர் லண்டன்ல அரை வயிறு சாப்பிட்டு, லைப்ரரியே கதின்னு கெடந்து படிச்சாரு. பூவா பாத்துக்கிட்டு நின்னாரு?"

உண்மைதான். 1916-இல் இலண்டன் வந்தவர், பரோடா உதவித்தொகையின் காலம் முடிந்ததால் 1917-இல் பாதியிலேயே திரும்ப நேர்ந்தது. 1920-இல் மீண்டும் வந்தார். 1921, 22-இல் அவர் குடியிருந்த வீடு, கிங் ஹென்றி சாலையில் பத்தாம் எண் வீடு. மராட்டிய அரசு 2015-இல் அதை வாங்கி நினைவகமாக்கியது. பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம் திறக்கும்போது நுழைந்து, மூடும்போது வெளியேறிய மாணவர் அவர். 1923-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

ஒரு ஞாயிறன்று அந்த வீட்டின் முன் போய் நின்றோம். சுவரிலே நீல வட்டப் பலகையில் அவர் பெயர். நான்கு எட்டு நடந்தால் பிரிம்ரோஸ் குன்று. உச்சியில் ஏறினால் இலண்டன் மாநகர் காலடியில் கிடக்கிறது. அங்கே புல்லில் அமர்ந்து பெரியப்பாவுக்கு எழுதினோம்; இந்த முறை விரல் எழுந்தது.

அம்பேத்கர் பூங்காவிலே அமர்ந்த கதை ஒன்று உண்டு, பெரியப்பா. அவரே எழுதியிருக்கிறார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழ்ந்த ஐந்து ஆண்டுகளில், தான் தீண்டப்படாதவன் என்ற நினைவே தன் உள்ளத்திலிருந்து துடைக்கப்பட்டுவிட்டது என்கிறார். 1917-இல் பரோடாவில் வேலையேற்க வந்து இறங்கியதும் அந்த நினைவை ஊர் திருப்பிக் கொடுத்தது. தங்க இடமில்லை. பார்சி விடுதியொன்றில் பெயர் மாற்றித் தங்கினார், கண்டுபிடித்தார்கள், தடியோடு வந்து விரட்டினார்கள். உலகப் பல்கலைக்கழகங்களில் படித்த மேதை, ஊருக்கு வெளியேயிருந்த காமாட்டி பாக் என்ற பூங்காவிலே, இரவு வண்டி வரும் வரை மணிக்கணக்காக அமர்ந்திருந்தார். பூப் பார்க்க அல்ல, போக வேறிடம் இல்லாமல்! அவர் அரை வயிற்றோடு படித்தது, அவருக்குப் பின் வருகிறவனும் அரை வயிற்றோடு படிக்க வேண்டும் என்பதற்காகவா? நான் இன்று யாரும் விரட்டாத ஒரு புல்வெளியில் அமர்ந்திருக்கிறேன். அருகிலிருப்பவர் என் ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்கவில்லை. இதுவும் அவர் பெற்றுத் தந்த பாடம்தான். தேர்வு அடுத்த மாதம், அதற்கும் படிக்கிறேன்.

இவ்வளவையும் எழுதி அனுப்பினோம். பெரியப்பாவிடமிருந்து மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் வந்தது ஒரே வரி: "சோறு ஒழுங்கா சாப்பிடுறியா?"

படிப்பு முடிந்து திரும்பிய பின் வந்த முதல் மே மாதம். காட்டிலே கொழுந்து பொங்கிக் கிடந்தது. ஞாயிறு வேலைக்குக் கூப்பிட்டார்கள். அன்னையை அன்று போகவிடவில்லை. "ஒரு நாள் கூலி போச்சே" என்று பேருந்து உதகை போய்ச் சேரும்வரை நான்கு முறை சொன்னார். பெரியப்பா வெளுத்த வேட்டி, கறுப்புச் சால்வையோடு வந்தார், பொதுக்கூட்டத்துக்கு வருகிறவர்போல.

பூங்கா வாயிலில் நுழைவுச்சீட்டின் விலையைக் கேட்டதும் அன்னை நின்றுவிட்டார். உதடு அசைந்தது, எத்தனை கிலோ கொழுந்து என்று கணக்குப் போடுகிறார் என்பது தெரிந்தது. உள்ளே போனோம். மலர்ப் படுகைகளைப் பார்த்தார். பெயர்ப் பலகைகளை நம்மைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஓரிடத்தில் ஒரு செடியின் துளிரிலே அவருடைய விரல்கள் தாமாகவே போய், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பிடித்துவிட்டன. காவலர் ஊதல் ஊதினார். அன்னை கையை எடுத்துக்கொண்டு, முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாம் கண்டது குறைவு.

புல்தரையிலே உட்காரலாம் என்றோம். பெரியப்பா தயங்கினார், யாரேனும் ஏதேனும் சொல்வார்களா என்று சுற்றிலும் பார்த்தார். பிறகு துண்டை விரித்து, அதன் ஓரத்திலே உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கால் நீண்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் துண்டு தலையணை ஆயிற்று. வெயிலும் மேகமும் மாறிமாறி அவர் முகத்தின்மேல் போயின. உறங்கிவிட்டார்.

நான்கு மணிக்கு எழுப்பி, பேருந்துக்கு நேரமாயிற்று என்றோம். எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார், வாயிற்பக்கம் நடக்கவில்லை.

"இத்தன ரூவா குடுத்து உள்ள வந்திருக்கோம். அந்தப் பக்கம் கண்ணாடி வீடு ஒண்ணு தெரியுதே, அதப் பாக்காமப் போறதா? அடுத்த பஸ்ஸுக்குப் போவோம்" என்று சொல்லிக்கொண்டே, எங்களுக்கு முன்னால் நடந்தார்.